அட்டையின் மறுபுறம்

நியூயோர்க் நகரின் பவரி வீதியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சார்ள்ஸ் ஐசன்மன் என்பவர் ஒரு படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். காட்சிக் கொட்டகைகளில் தோன்றிய குள்ளரும் நெடியோரும் தாடி வளர்ந்த மாதரும் அவரை நாடி வந்தனர். அவர் பிடித்த படங்களின் பெருந்தொகுதி ஒன்றை அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் பேணி வருகின்றது. தனியாரும் அவற்றைத் தேடிச் சேர்க்கின்றனர்.

பாரிஸ் நகரத்து டிஸ்டெரி 1854இல் உரிமைப் பதிவு செய்த முறையினால் ஒரே கண்ணாடித் தகட்டிற் பல சிறு படங்கள் பிடிக்கலாயிற்று. விலையும் வீழ்ந்தது. காட்சியாளர் தம் படங்களைப் பார்வையாளருக்குத் தாமே விற்றுப் பொருளீட்டினர். ஆயினும் உடையையும் கதையையும் அவர்களே வகுத்தனர் என எப்போதும் கொள்வதற்கில்லை.

'டொம் தம்' எனப் புகழ்பெற்ற சார்ள்ஸ் ஸ்ட்ராட்டன், ஏறக்குறைய 3 அடி உயரமே உடையவர். தம்மினும் குறுகிய லவீனியா வொரனை 1863இல் மணந்தார். பின்னர் இருவரும் கைக்குழந்தை ஒன்றுடன் அமர்ந்த படம் பெருவாரியாக விற்பனையாயிற்று. அவர்களுக்கோ மகப்பேறே வாய்க்கவில்லை! அது இரவற் குழந்தை.

ஆதலால், தேர்ந்த சேகரிப்பாளர் முகத்தைக் கண்டவுடன் அட்டையைத் திருப்பிப் பார்ப்பர். சிலவற்றில் அமர்ந்தவரின் கையொப்பமும் வயதும் உயரமும் காணப்படும். உயரத்தை அப்படியே நம்புதல் ஆகாது. வேறு பலவற்றில் ஆளின் பெயரே இராது. நிலையத்தின் முகவரி மட்டும் கொடியும் பூவுமாக அச்சிடப்பட்டிருக்கும்.