மூட்டு வலின்னு தறி மேல பழி போடாதீங்க: இதய வால்வில் சத்தமில்லாமல் ‘மரு’ வளர்க்கும் லூபஸ் நோய்

காஞ்சீபுரம்:

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகளில் மூட்டு வலி என்பது சர்வ சாதாரணம். குழித்தறியில் காலை தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து மிதி மிதிப்பவர்களுக்கு இடுப்பு வலி, முழங்கால் வலி. ராட்டையில் தார் சுற்றும் பெண்களுக்கு தோள்பட்டை வலி, விரல் வலி. ‘‘தறி வேலைன்னா வலி இல்லாமலா?’’ என்று தைலத்தை தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்கு உட்கார்ந்து விடுவார்கள்.

பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் 20, 30 வயது பெண்ணுக்கு மூட்டு வலியோடு விட்டு விட்டு காய்ச்சல், கொத்து கொத்தாக முடி கொட்டுதல், வாயில் புண், வெயிலில் போய் வந்தால் முகம் சிவந்து தடித்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் தறி மேல் பழி போட முடியாது. அது ‘லூபஸ்’ நோயாக இருக்கலாம். இது மூட்டோடு நிற்கிற நோய் இல்லை. சிறுநீரகம், ரத்தம், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். அதில் பலரும் கோட்டை விடும் இடம் இதய வால்வு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வேலியே பயிரை மேயுது

உடம்புக்குள் கிருமி நுழைந்தால் அதை அடித்து விரட்ட ஒரு படை இருக்கிறது. அதுதான் நோய் எதிர்ப்பு சக்தி. அந்த படை புத்தி கெட்டுப்போய் சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்து தாக்க ஆரம்பித்தால் வருவதுதான் லூபஸ். டாக்டர்கள் சீட்டில் ‘எஸ்.எல்.இ.’ என்று எழுதுவார்கள். நடிகை சமந்தா தனக்கு வந்திருப்பதாக 2022-ல் வெளியே சொன்ன ‘மயோசைட்டிஸ்’ நோயும் இதே குடும்பம்தான். அது தசையை தாக்கும். லூபஸ் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தாக்கும்.

லூபஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்தது மாதிரி இருக்கிறது என்று அந்தக்காலத்து டாக்டர்கள் வைத்த பெயர். இந்த நோய் வருபவர்களில் 10-ல் 9 பேர் பெண்கள். அதுவும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இதை மாமியார் வீட்டுக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

தறி வலியா, லூபஸ் வலியா?

வேலை செய்து வரும் வலி பொதுவாக சாயங்காலம் கூடும். ராத்திரி படுத்து எழுந்தால் குறையும். லூபஸ் மாதிரி நோயில் வரும் வலி தலைகீழ். காலையில் எழுந்திருக்கும்போது விரல்கள் மடங்காது. அறுந்த இழையை முடிச்சு போட முடியாது. டம்ளரை பிடிக்க முடியாது. அரை மணி, ஒரு மணி நேரம் ஆன பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும். இரண்டு கையிலும், அதுவும் சின்ன சின்ன விரல் மூட்டுகளில் ஒரே மாதிரி வரும்.

கன்னம் இரண்டிலும் மூக்கின் மேலும் சிவந்து, வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி தடிப்பு வந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும். எல்லோருக்கும் இது வருவதில்லை. மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்கு சிவப்பு சரியாக தெரியாது, கருமையாகத்தான் தெரியும். ‘மங்கு’ என்று நினைத்து கடையில் கிரீம் வாங்கி பூசி மாதக்கணக்கில் ஓட்டி விடுகிறவர்கள் உண்டு.

வெயில் இந்த நோய்க்கு ஜென்ம பகை. வைகாசி கருட சேவைக்கு வெயிலில் நின்று சாமி பார்த்துவிட்டு வந்த பிறகு காய்ச்சலும் வலியும் எகிறினால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ‘குடை அழகு’ என்று பேர் வாங்கிய வரதர் ஊரில் குடை பிடிக்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடி பம்ப் வாஷர்

இதயத்துக்குள் 4 வால்வுகள் இருக்கின்றன. தெருவில் இருக்கும் அடி பம்பை நினைத்துக்கொண்டால் போதும். உள்ளே இருக்கும் வாஷர் தண்ணீரை மேலே விடும், திரும்ப கீழே இறங்க விடாது. வாஷர் தேய்ந்தால் என்ன அடித்தாலும் தண்ணீர் பாதி கீழேயே இறங்கிவிடும். இதய வால்வும் அப்படித்தான். ரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் கதவு. ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடுகிறது.

லூபஸ் இருப்பவர்களுக்கு இந்த கதவின் இதழ்களில் மரு மாதிரி சின்ன சின்ன மொட்டுகள் வளரலாம். ரத்தம் உறையும் பொருளும், நோய் எதிர்ப்பு படை விட்டுச்சென்ற குப்பையும் சேர்ந்து உண்டாவது இது. கிருமியால் வருவது இல்லை. இதயத்தின் இடது பக்கம் இருக்கும் ‘மைட்ரல்’ வால்வில்தான் அதிகம். அடுத்து ‘அயோர்ட்டிக்’ வால்வு. நாளாக நாளாக இதழ் தடித்து, சுருங்கி, சரியாக மூடாமல் போகும். ரத்தம் பின்னால் கசியும். வால்வு குறுகி அடைப்பது இதில் குறைவு, கசிவுதான் அதிகம்.

இதை முதலில் எழுதி வைத்தவர்கள் நியூயார்க் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியை சேர்ந்த லிப்மன், சாக்ஸ் என்ற 2 டாக்டர்கள். 1924-ல் 4 நோயாளிகளை வைத்து எழுதினார்கள். இன்றைக்கும் அவர்கள் பெயரால்தான் இது ‘லிப்மன்-சாக்ஸ்’ என்று அழைக்கப்படுகிறது. லூபசுக்கும் இதற்கும் உள்ள முழு தொடர்பு பிற்பாடுதான் தெளிவானது.

நெஞ்சு வலிக்காது

இங்கேதான் ஆபத்து. வால்வில் மரு இருக்கும் பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. நெஞ்சு வலிக்காது. மூச்சு வாங்காது. தறியில் உட்காரலாம், சமைக்கலாம், குழந்தையை தூக்கலாம். ஒருநாள் அந்த மொட்டில் இருந்து ஒரு துணுக்கு உடைந்து ரத்தத்தோடு மூளைக்கு போய் அடைத்தால் வாய் கோணும், ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும். ‘‘35 வயசுல பக்கவாதமா?’’ என்று ஊரே கேட்கும். வால்வு கெட்டிருப்பதே அப்போதுதான் வெளியே வரும்.

அமெரிக்காவில் 69 லூபஸ் நோயாளிகளை வைத்து நடத்திய ஒரு ஆராய்ச்சி 1996-ல் வெளிவந்தது. வாய் வழியாக குழாய் விட்டு இதயத்தை பக்கத்தில் இருந்து பார்க்கும் ‘எக்கோ’ எடுத்தார்கள். 100-க்கு 61 பேருக்கு வால்வில் ஏதோ ஒரு கோளாறு. 100-க்கு 43 பேருக்கு மரு இருந்தது. நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவில் இவ்வளவு தெரியாது. சுமார் 10-ல் ஒருவருக்குத்தான் மரு தெரியும்.

அந்த ஆராய்ச்சி சொன்ன இன்னொரு விஷயம் முக்கியமானது. லூபஸ் வந்து எத்தனை வருடம், நோய் கடுமையா லேசா என்பதற்கும் வால்வு கெடுவதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை. முதல் தடவை இல்லாத மரு பிற்பாடு எடுத்தபோது இருந்தது. இருந்த மரு சிலருக்கு மறைந்தும் போனது. ஒரு தடவை எக்கோ எடுத்து ‘நார்மல்’ என்று வந்துவிட்டது, இனி ஜென்மத்துக்கும் தேவை இல்லை என்று இருக்க முடியாது என்பது இதனால்தான்.

கருச்சிதைவும் ஒரு தடயம்

லூபஸ் இருப்பவர்களில் சிலருக்கு ரத்தத்தை சட்டென்று உறைய வைக்கும் ஒரு எதிர்ப்பொருள் இருக்கும். ‘ஆன்டி பாஸ்போலிபிட்’ டெஸ்ட் எடுத்தால் தெரியும். இது இருந்தால் வால்வில் மரு வளரவும், பக்கவாதம் வரவும் வாய்ப்பு அதிகம். காலில் ரத்தம் கட்டி வீங்கும். கர்ப்பம் திரும்ப திரும்ப கலையும்.

மூன்று கரு கலைந்த பெண்ணை ராசி இல்லாதவள் என்று பேசும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்த பெண்ணுக்கு செய்ய வேண்டியது ரத்தப்பரிசோதனை. 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்து உறுதி செய்வார்கள். எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தால் கர்ப்ப காலத்தில் ஊசியும் மாத்திரையும் கொடுத்து குழந்தையை காப்பாற்ற வழி இருக்கிறது.

பென்சிலின் ஊசி குழப்பம்

வால்வு கோளாறு என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவு வருவது ‘21 நாளைக்கு ஒரு தடவை ஊசி’. அது வேறு நோய். சின்ன வயதில் தொண்டையில் கிருமி வந்து, அதை தொடர்ந்து மூட்டு வீங்கி, வால்வு கெடும் ‘ருமாட்டிக்’ காய்ச்சல். அதற்குத்தான் பென்சிலின் ஊசி. அதிலும் மூட்டு வலி, காய்ச்சல், வால்வு மூன்றும் வருவதால் குழப்பம் சகஜம். லூபஸ் வால்வுக்கு அந்த ஊசியால் பலன் இல்லை. எந்த நோய் என்று தெரிய ‘ஏ.என்.ஏ.’ என்ற ரத்தப்பரிசோதனையில் ஆரம்பிப்பார்கள். ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டாலே லூபஸ் என்று அர்த்தம் இல்லை, ஒன்றும் இல்லாதவர்களுக்கும் சில சமயம் பாசிட்டிவ் வரும். மற்ற அறிகுறிகளையும் சேர்த்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

லூபஸ் நோயாளிக்கு திடீர் காய்ச்சல் வந்தால் இன்னொரு சிக்கல். அது லூபஸ் காய்ச்சலா, கெட்டுப்போன வால்வில் கிருமி உட்கார்ந்த காய்ச்சலா? முதலாவது என்றால் ஸ்டீராய்டு கூட்ட வேண்டி வரும். இரண்டாவது என்றால் ஸ்டீராய்டு கூட்டுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. ரத்தத்தை எடுத்து கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ‘கல்ச்சர்’ டெஸ்ட் அதற்குத்தான். ஆகவே மெடிக்கல் ஷாப்பில் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கி 2 நாள் விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு போனால் அந்த டெஸ்டே குழம்பிவிடும்.

கசப்பு மாத்திரையை நிறுத்தாதீங்க

லூபசுக்கு அஸ்திவாரம் ‘ஹைட்ராக்சி குளோரோகுயின்’ மாத்திரை. மலேரியாவுக்காக வந்த மருந்து. 2020-ல் கொரோனாவுக்கு நல்லது என்று ஆளாளுக்கு வாங்கி குவித்ததில் லூபஸ் நோயாளிகளுக்கு தட்டுப்பாடு வந்ததே, அதே மாத்திரைதான். நோய் திரும்ப கிளம்பாமல் அமுக்கி வைப்பது இதன் வேலை. வலி போய்விட்டது என்று நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி படுக்கையில் விழுகிறார்கள். நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் கண் டாக்டரிடம் விழித்திரையை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையையும் சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்களுக்கு ‘வார்பரின்’ அல்லது ‘அசிட்ரோம்’ என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தருவார்கள். இதற்கு ‘ஐ.என்.ஆர்.’ என்ற டெஸ்ட் ஒழுங்காக எடுக்க வேண்டும். அளவு குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் எங்கேயாவது ரத்தம் கசியும். கீரை சாப்பிடவே கூடாது என்பது தவறு. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றும் இல்லை என்று தாறுமாறாக சாப்பிடுவதுதான் கெடுதல். கை வலிக்கு கடையில் வாங்கும் வலி மாத்திரை இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வார்பரின் வயிற்றில் உள்ள பிள்ளைக்கு ஆகாது.

சித்ரா வால்வு

கசிவு அதிகமாகி படி ஏறினால் மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம் என்று வந்தால் ஆபரேஷன். முடிந்தால் வால்வை சரி செய்வார்கள், முடியாவிட்டால் மாற்றுவார்கள்.

ஒரு காலத்தில் செயற்கை வால்வு வெளிநாட்டில் இருந்துதான் வரவேண்டும், விலை ஏழைக்கு எட்டாது. அதை மாற்றியது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம். டாக்டர் வலியத்தான் தலைமையில் பல ஆண்டுகள் உழைத்தார்கள். முதல் 3 மாடல்கள் தோற்றுப்போயின. 4-வது மாடல்தான் 1990 டிசம்பர் 6-ந்தேதி முதன்முதலாக ஒரு நோயாளிக்கு பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கும் இந்த சித்ரா வால்வு இதுவரை 1 லட்சத்துக்கும் மேல் பொருத்தப்பட்டுள்ளது. டாக்டர் வலியத்தான் 2024-ல் காலமானார்.

இப்படிப்பட்ட உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட வேண்டும். பல் பிடுங்கும் முன் வால்வு வைத்திருப்பதை பல் டாக்டரிடம் சொல்லி முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது?

லூபசை பார்ப்பது ‘ரூமட்டாலஜி’ பிரிவு. சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த பிரிவும் இதய பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காஞ்சீபுரத்தில் இருந்து செங்கல்பட்டு வழியாக கடற்கரை போகும் மின்சார ரெயிலில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பழைய சீட்டு, ரத்தப்பரிசோதனை ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்ல வேண்டும். முகத்தில் தடிப்பு வந்துபோனால் அது இருக்கும்போதே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் டாக்டருக்கு உதவும்.

வால்வு ஆபரேஷன் முதலமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் வருகிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டு திட்டமாக தொடங்கியது இது. குடும்ப அட்டை, வருமான சான்றுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். லூபஸ் என்று தெரிந்த பிறகும் இதுவரை எக்கோ எடுக்காதவர்கள், அடுத்த தடவை மாத்திரை வாங்க போகும்போது ‘‘எனக்கு எக்கோவும், ரத்தம் உறையுற டெஸ்டும் எடுத்தாச்சா டாக்டர்?’’ என்று கேட்கலாம்.