ப்ளூ ஜாகர்

வைரத்தோடு வாங்கக் கடைக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் "ப்ளூ ஜாகர் கல் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயர், நம் நாக்கில் தேய்ந்தது. 1893இல் 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் வைரம் கிடைத்தது அங்கேதான். சுரங்கத்தை 1971இல் மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் இன்னும் கடையில் ஓடுகிறது.

பெயரில் உள்ள அந்த நீலத்தைப் பார்க்கப் பாட்டியின் ஏழு கல் தோடு ஒன்று போதும். வீட்டு விளக்கில் வெள்ளையாக இருக்கும் கல், முற்றத்து வெயிலில் லேசாக நீலம் காட்டும். கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கின் கீழே வைத்தால் நன்றாகவே ஒளிரும். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி ஒளிராது. ஏழில் இரண்டு சும்மா இருக்கலாம்.

ஒளிர்வுக்குக் காரணம் நைட்ரஜன். கார்பன் அணுக்களின் கட்டமைப்பில் ஓர் இடம் காலியாகி, அதைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தால் இந்த நீலம் வரும். அப்படிச் சேர்வதற்குப் பூமியின் ஆழத்துச் சூடும் கோடிக்கணக்கான ஆண்டுகளும் வேண்டும். நைட்ரஜன் அணுக்கள் சேராமல் தனித்தனியாகவே நின்றால் கல் நல்ல மஞ்சள். இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை, சேர்ந்தோ தனித்தோ, நைட்ரஜன் கலந்தவை; இவை முதல் வகை.

நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாதவை இரண்டாம் வகை. அதில் துளிப் போரான் கலந்தால் கல்லே நீலமாகிவிடும், மின்சாரமும் கடத்தும். 45.52 காரட் ஹோப் வைரம் அப்படிப்பட்டது. புறஊதா விளக்கை அணைத்த பிறகும் சில நொடிகள் அது சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். போரானும் இல்லாத சுத்தக் கல் அபூர்வம்: கோஹினூர், கல்லினன்.

வேடிக்கை என்னவென்றால், மீத்தேன் வாயுவிலிருந்து சில வாரங்களில் வளர்த்தெடுக்கும் சிவிடி வைரமும் பெரும்பாலும் அந்தச் சுத்த வகைதான். கடையின் சூடு பார்க்கும் கருவியில் அதுவும் வைரம் என்றே காட்டும், வைரம்தானே! அதனால்தான் பரிசோதனைக்கூடத்தில் முதலில் நைட்ரஜனைத் தேடுகிறார்கள். அது இல்லாத கல் மேல்சோதனைக்குப் போகும்.

உலகச் சந்தையில், நிறமற்ற உயர்ரகக் கல் பலமாக நீலம் ஒளிர்ந்தால் விலையைக் குறைத்துவிடுவார்கள். நம் பெரியவர்களோ அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.