நம் மண்ணின் குதிரைகள்

பெங்களூருவிலிருந்து ஹாசன் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் குனிகல் அமைந்துள்ளது. திப்பு சுல்தானின் குதிரைப்படைக்குக் குதிரைகளை வளர்த்தளித்த பண்ணை அங்கு உள்ளது. பிற்காலத்தில் அது பந்தயக் குதிரைகளின் பிறப்பிடமாயிற்று. பெங்களூரு பந்தயத் திடலில் ஓடும் அந்தத் ‘தரோபிரெட்’ இனமோ இங்கிலாந்தில் உருவானது. அவ்வாறாயின், நம் நாட்டுக் குதிரைகள் எங்கே?

தென்னாடு பன்னெடுங்காலமாகக் குதிரைகளை விலை கொடுத்தே வாங்கி வந்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியர்கள் அரபு நாட்டுக் குதிரைகளுக்குப் பெரும்பொருள் செலவிட்டதை மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார். விஜயநகர மன்னர்கள் போர்த்துகீசியரிடம் குதிரைகளை வாங்கினர்.

ஆயினும், இந்தியாவுக்கே உரிய இனங்கள் பல உண்டு. ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி ஆகிய இரண்டையும் உள்நோக்கி வளைந்த காதுகளால் எளிதில் அடையாளம் காணலாம். லடாக்கின் சன்ஸ்காரியும் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதியும் காற்று அடர்த்தி குறைந்த மலைப்பாதைகளில் சுமை தூக்கிப் பழகியவை. சிக்கிம், டார்ஜிலிங் பகுதிகளில் பூட்டியா வாழ்கிறது. கச்சி-சிந்தி வறண்ட நிலத்துக்கு உரியது. மகாராஷ்டிரத்தின் பீமதடி அண்மையில்தான் தனியினமாக ஏற்கப்பட்டது.

இவற்றுள் மணிப்பூரி உருவில் சிறியது, புகழில் பெரியது. இன்றைய போலோ விளையாட்டின் மூலம், மணிப்பூர் மக்கள் இக்குட்டைக் குதிரைமீது அமர்ந்து ஆடிய ‘சகோல் காங்ஜெய்’ ஆகும். அதனைக் கற்ற ஆங்கிலேயர் 1859இல் அசாமின் சில்சாரில் போலோ சங்கம் அமைத்தனர். அங்கிருந்தே ஆட்டம் உலகெங்கும் பரவியது. ஆனால் மேய்ச்சல் நிலமான சதுப்புநிலங்கள் சுருங்க, அக்குதிரையே அருகி வருகிறது. 2003இல் 1,898ஆக இருந்த எண்ணிக்கை 2012இல் 1,101ஆகக் குறைந்தது.

நாடு முழுவதும் நிலை இதுவே. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 6.25 லட்சமாக இருந்த குதிரைகள், 2019இல் 3.42 லட்சமாயின. சாலையும் வாகனமும் வந்தபின் குதிரைக்கு வேலை குறைந்தது. உழைப்புக்குப் பயன்படாத விலங்கை ஏழை உழவரால் நெடுநாள் பேண இயலாது.

மீட்சிக்கான முயற்சிகளும் நடைபெறுகின்றன. அரியானாவின் ஹிசாரில் தலைமையிடம் கொண்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், 2023இல் தன் பிகானேர் வளாகத்தில் கருமாற்ற முறையில் மார்வாரிக் குட்டியொன்றை ஈன்றெடுக்கச் செய்தது. 2024இல் திருத்தப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தின்கீழ், குதிரை வளர்ப்புத் தொழில்முனைவோர்க்கு 50 விழுக்காடு மூலதன மானியம், 50 லட்சம் ரூபாய் உச்சவரம்புடன் வழங்கப்படுகிறது. தனிநபர்களும் சுயஉதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

அன்று அயல்நாட்டுக் குதிரைகளுக்காக நம் கருவூலங்கள் திறந்தன. இன்று நம் நாட்டுக் குதிரைகளுக்காக அதில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டாலும், அவை அடுத்த தலைமுறையின் கண்முன் உயிருடன் ஓடும்.