படர்தாமரையும் பூசணத்தின் விருத்தியும்

படர்தாமரை இரத்தக் கெடுதியால் உண்டாவதென்று நம் கிராமங்களில் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது, கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பூசணம் தோலில் பற்றி வளர்வதால் உண்டாகும் வியாதியாகும். தோலின் மேலடுக்கு, மயிர், நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் பொருளே அதற்கு ஆகாரம். பூசணம் நாற்புறமும் பரவிச் செல்ல, அது கடந்த நடுவிடம் சற்றே ஆறிவருவதால் வட்ட வடிவம் தோன்றுகிறது.

இவ்வினத்துள் சில மண்ணில் வாழ்பவை. மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் என்று நெடுநாள் வழங்கிய பூசணம், நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் மயிரையும் இறகையும் தின்று வாழ்வது. மண்ணில் வேலை செய்வோரைச் சிற்சில சமயம் பற்றும். இதில் இரு பால்வகைகள் உண்டு. பாளை விடும்வரை ஆண்பனையும் பெண்பனையும் ஒன்றுபோலத் தோன்றுவதுபோல, இவ்விரண்டும் பார்வைக்கு ஒரே விதமாயிருக்கும். இரண்டின் இழைகளும் சந்தித்தால் சிறு உருண்டையான கனியுறுப்பு உண்டாகும். அதனுள் உள்ள ஒவ்வொரு பையிலும் 8 வித்துக்கள் விளையும். இதனை 1927-இல் இத்தாலிய அறிஞர் நன்னிஸி வெளியிட்டபோது பலர் ஒப்பவில்லை. 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் கிரிஃபின், ஸ்டாக்டேல் ஆகியோர் செய்த ஆராய்ச்சிகளால் அது மெய்யென நிலைபெற்றது. இப்போது அப்பூசணம் நன்னிஸியா ஜிப்சியா என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

மனிதர் தோலிலோ இச்சேர்க்கை வேண்டுவதில்லை. அங்கே இழைகள் துண்டு துண்டாய் உடைந்து, ஒவ்வொரு துண்டும் வித்துப்போலாகிறது. உதிரும் செதிளோடு அவை துணியிலும் பாயிலும் சீப்பிலும் தங்கிப் பல மாதம் உயிரோடிருக்கும். மனிதரையே அண்டி வாழும் டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்னும் இனத்தில், ஆராயப்பட்டவற்றுள் ஏறக்குறைய யாவும் ஒரே பால்வகையாயிருக்கின்றன.

இதில் நாம் கவனிக்கத்தக்கது யாதெனில், துணையின்றிப் பெருகும் பூசணத்தில் மருந்துக்கு அடங்காத ஒன்று தோன்றிவிட்டால் அதன் சந்ததி முழுவதும் அக்குணத்தையே பெறும் என்பதாம். டெர்பினாஃபின் என்னும் மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காமல் இந்தியாவில் பரவிய ஓர் இனத்திற்கு 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே எனப் பெயரிட்டனர்.

ஆகையால் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டும். கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிக் காட்டும். பூசணமோ உள்ளே தடையின்றிப் பரவும். எனவே வைத்தியர் கூறும் மருந்தையே, தழும்பு மறைந்த பின்னும் அவர் குறித்த நாள்வரை உபயோகிக்க வேண்டும். நடுவில் தவணை நின்ற கடன் வட்டியோடு வளர்வதுபோல, பாதியில் விட்ட சிகிச்சை பெருஞ்செலவில் முடியும். வீட்டில் வியாதியுள்ள அனைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெறுதல் அவசியம். துண்டும் உடையும் ஒருவருக்கொருவர் மாற்றலாகாது. அவற்றை வெந்நீரில் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்துக. குளித்தபின் தொடையிடுக்கையும் கால்விரல் இடுக்கையும் ஈரமின்றித் துடைப்பது நலம்.