வீட்டினுள் வளர்ப்பதற்கேற்ற மரங்கள்

கொழும்பு மாநகரில் வெறுநிலம் அரிது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடுகள் பெருகியுள்ளன. கொட்டாஞ்சேனையில் வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கின்றன. முற்றமில்லாத இவ்வீட்டார் சாடியில் வளரும் சிறு மரங்களை நாடுகின்றனர். நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர், தம் நாற்றுமேடையின் ஓர் ஓரத்தில் இத்தகைய கன்றுகளையும் வளர்த்து விற்கலாம். ஆயின், விற்ற கன்று சில வாரங்களில் இலையுதிர்த்து மடியுமாயின் வாங்கியவர் மீண்டும் வாரார். எனவே ஏற்ற மரத்தைத் தெரிவு செய்தலே முதற் கடமையாகும்.

ஒளியும் மரமும்

பெருமர நிழல் விழும் வரப்போரத்தில் நெற்கதிர் பதராவதைக் கமக்காரர் யாவரும் அறிவர். வீட்டு அறையினுள் ஒளி பெரும்பாலும் அந்நிழலிலும் குறைவாகும். ஆகவே காட்டு நிழலில் வாழப் பழகிய மரங்களே அங்கு நிலைக்கும். தேசி, மாதுளை, கறிவேப்பிலை என்பன வெயிலை நாடுவன. அறையினுள் அவற்றின் கிளைகள் நீண்டு மெலியும், காயும் பிடியாது. திறந்த மாடிமுகப்பே அவற்றுக்குரிய இடம்.

அறையின் ஒளியை அறிய எளிய வழி உண்டு. நண்பகலில், மரம் வைக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி மேலே கையைப் பிடிக்க வேண்டும். நிழல் தெளிவாக விழுந்தால் ஒளி நன்று. மங்கலாக விழுந்தால் நிழல் தாங்கும் மரங்கள் மட்டும் வாழும். நிழலே விழாவிடின் அங்கு எம்மரமும் வேண்டாம்.

ஏற்ற வகைகள்

1. திரசீனா: ஆபிரிக்கக் காட்டு நிழலில் வளர்வது. மங்கிய ஒளியையும் தாங்கும். தண்டுத் துண்டுகளிலிருந்து எளிதில் கன்றாக்கலாம்.

2. ராபிஸ் பனை: தென்சீனத்துக்குரியது. விசிறி போன்ற இலைகளுடன் தூறாக, மெல்ல வளரும். சிறு அறைக்கு ஏற்றது.

3. இறப்பர் ஆல்: தோட்டங்களிற் பால் வெட்டப்படும் இறப்பர் மரம் அன்று, ஆலின் இனம். காட்டில் பிற மரங்களின் மீது முளைத்து வளரத் தொடங்குவது. இதன் வேர்கள் பாம்புகள்போற் படர்ந்திருப்பதைப் பேராதனைப் பூங்காவிற் காணலாம். ஆதலால் இதனைச் சாடியில் வளர்க்கலாமேயன்றி, வீட்டருகே நிலத்தில் நடலாகாது. இதன் பால் தோலில் எரிவை உண்டாக்கக்கூடும்.

4. நோபோக் பைன்: நத்தார் அலங்காரத்துக்கு விரும்பப்படுவது. பசிபிக் தீவொன்றிற் பிறந்ததாதலின் கடற்காற்றைத் தாங்கும். வெள்ளவத்தைக் கடலோர வீடுகளுக்கு ஏற்றது. ஒளிமிக்க யன்னலருகே வைத்தல் வேண்டும். நுனியை வெட்டினால் அழகிய வடிவம் கெடும்.

அலரி வகைகளை வீட்டினுள் வைத்தலாகாது. மஞ்சள் அலரி விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சாகும்.

நிழலுக்குப் பழக்குதல்

கத்தரி, மிளகாய் நாற்றுகளை நடுமுன் பந்தலைச் சிறிது சிறிதாக நீக்கி வெயிலுக்குப் பழக்குவது வழக்கம். வீட்டு மரங்களுக்கு இதற்கு மாறாகச் செய்ய வேண்டும். வெயிலில் வளர்ந்த கன்றைத் திடீரென அறைக்குள் வைத்தால் இலைகள் உதிரும். எனவே விற்பதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே நிழல்வலையின் கீழ் வைத்துப் பழக்குதல் நன்று.

நீரும் நுளம்பும்

மேல்மண், கூட்டெரு, மணல் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து சாடியில் இடலாம். மேல்மண் ஓர் அங்குல ஆழம் உலர்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். சாடியின் கீழுள்ள தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும். டெங்கு நுளம்பும் பெருகும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நுளம்பின் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டி, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். ஆகவே நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. வாரமொருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கன்றை விற்போர் இதனை வாங்குவோருக்கு எடுத்துரைத்தல் அவசியம்.

கன்றுகளை வளர்க்க விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறலாம்.