யாரத் தேடுறீங்க, அப்பா?

இரவு பத்தே கால் இருக்கும். நிகழ்ச்சியை முடித்துவிட்டு, ஸ்கூடாய் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் தாமானுக்குள் காரைத் திருப்பினேன். என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, ஒரு கேட்டின் முன்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டை, கைலி. ஒரு காலில் சிலிப்பர், மறு காலில் ஒன்றுமில்லை. கையில் ஒரு சாவியை வைத்துக்கொண்டு கேட்டின் பூட்டைத் திறக்கப் பார்க்கிறார். திறக்கவில்லை. கேட்டைப் பிடித்து ஆட்டுகிறார். யாரிடமோ கோபமாகப் பேசுகிறார். பக்கத்தில் யாரும் இல்லை. மறுபடியும் சாவி.

அது ஒரு சீனக் குடும்பத்தின் வீடு. உள்ளே விளக்கு எரிந்தது. ஆனால் யாரும் வெளியே வரவில்லை.

நான் முதலில் செய்த காரியம், காரின் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்தது. அடுத்து கைப்பேசியை எடுத்தேன். தாமான் புலனக் குழுவில் அதற்குள் படம் வந்துவிட்டது. யாரோ மாடி ஜன்னலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். "குடிகாரன் போல" என்றார் ஒருவர். "இது புது டெக்னிக். வயசானவரை முன்னால் அனுப்புவார்கள், கதவைத் திறந்ததும் பின்னால் நாலு பேர் வருவார்கள்" என்றார் இன்னொருவர். "யாரும் கேட்டைத் திறக்காதீர்கள்." மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் இதே எச்சரிக்கை. நானும் என் பங்குக்கு ஒரு வரி எழுதினேன்: "இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்." தினமும் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து, அண்டை அயலார் அன்பாக இருக்க வேண்டும் என்று நேயர்களுக்குச் சொல்கிறவள் நான்.

இருபது நிமிடம் காருக்குள்ளேயே இருந்தேன்.

பயப்பட்டது தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. இரவு நேரம், தனியாக ஒரு பெண். அந்தச் சீனக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருமுறை திருட்டுப் போயிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு, எங்கள் ஜொகூர் வாழ்க்கைக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. பாதித் தாமான் சிங்கப்பூரில் வேலை செய்கிறது. விடியற்காலை நாலு, நாலரைக்கே மோட்டார் சைக்கிள்கள் பாலத்தை நோக்கிக் கிளம்பிவிடும். திரும்பி வரும்போது இரவு. வாடகைக்கு வருகிறவர்கள் ஆறு மாதத்தில் மாறிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கார் எண்ணே மனப்பாடம் ஆகவில்லை, முகம் எங்கே மனதில் நிற்கும்? இப்படிப்பட்ட இடத்தில், யார் அந்நியர், யார் மூன்றாவது தெருவில் எட்டு வருடமாக இருப்பவர் என்று சொல்வது கடினம்.

ஆனால் பயம் வேறு, பயத்தைப் படமெடுத்து அனுப்புவது வேறு.

2018-ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் நடந்ததைச் சிலர் மறந்திருக்கலாம். திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூர் கிராமம். ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போயிற்று. அவர்களில் மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் இருந்தார்கள். வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர், அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்ற வதந்தி அப்போது கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. அந்த அம்மா அடித்தே கொல்லப்பட்டார். உடன் சென்றவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில், மனநலம் குன்றியவர் என்று சொல்லப்பட்ட ஒருவரும் இதே வதந்திக்குப் பலியானார்.

நம்மூரிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போனவர்கள்தான் அந்த ஊருக்குச் சந்தேகத்துக்குரிய அந்நியர்கள். நம் குழுவில் ஒரு படத்தைப் போட்டுக் "கவனம்" என்று எழுதும்போது, படத்தில் இருப்பவர் யாருடைய அப்பா, யாருடைய பாட்டி என்பது நமக்குத் தெரியாது. அது பார்க்கிற அடுத்தவருக்கும் தெரியாது. ஆனால் அவர் கையில் கம்பு இருக்கக்கூடும்.

ஊடகத்துறையில் பட்டப்படிப்பு படித்தபோது எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தும் ஒருவர்கூடக் காவல் துறையை அழைக்கவில்லை என்று பத்திரிகை எழுதியது. கூட்டம் அதிகமானால் உதவி குறையும் என்ற ஆய்வுகள் அதிலிருந்துதான் கிளம்பின. பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த 38 என்ற கணக்கே மிகைப்படுத்தியது என்று. அழைத்தவரும் உண்டு, கடைசி நிமிடங்களில் அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்த அண்டை வீட்டுக்காரியும் உண்டு. மனிதர்கள் கல்நெஞ்சர்கள் என்று எழுதினால் பத்திரிகை நன்றாக விற்கும். இதை என் தொழிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு அதைவிட உறைத்தது 1973-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் மாணவர்கள் 40 பேரை வைத்து, டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் நடத்தியது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குத் தலைப்பு, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவியவனைப் பற்றியது. போகிற வழியில் ஒருவர் வாசலில் சரிந்து கிடந்து இருமி முனகுகிறார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை. நல்லவர், கெட்டவர் என்பதைவிட அவசரம்தான் முடிவு செய்கிறது. நாலரை மணிக்குப் பாலத்தைக் கடக்க வேண்டியவர்கள் வாழும் ஊரில் இதைப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அன்றிரவு எனக்கு எந்த அவசரமும் இல்லை. அதனால் அந்தச் சாக்கும் எனக்குக் கிடைக்காது.

கடைசியில் வெளியே வந்தவர், எங்கள் தெரு முனையில் காலையில் நாசி லெமாக் விற்கும் அக்கா. இரவு அரிசி, தேங்காய் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் குப்பை போட வந்திருக்கிறார். அவர் புலனக் குழுவில் இல்லை. அதனால் 'புது டெக்னிக்' பற்றி அவருக்குத் தெரியாது. பெரியவரைப் பார்த்ததும், "டேய், வெளிய வா" என்று மகனைக் கூப்பிட்டார். மகன் வந்து வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றான். அக்கா மட்டும் நடந்தார். கிட்டே போகவில்லை. ஒரு கார் நீளம் தள்ளி நின்று, "யாரத் தேடுறீங்க, அப்பா?" என்றார்.

"வீடு தொறக்க மாட்டேங்குதும்மா."

"சாவி தேஞ்சு போயிருக்கும். இப்படி உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

அக்கா யாரிடமும் பாடம் படிக்கவில்லை. ஆனால் ஒரு மனநல அதிகாரியிடம் கேட்டிருந்தால், அவரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பார். தனியாகப் போகாதே. வெளிச்சத்தில் நில். தொடாதே, சூழ்ந்து நிற்காதே. "இது உங்க வீடு இல்ல" என்று வாதாடாதே. ஒரு சின்னக் கேள்வி கேள், அவருடைய பதிலிலிருந்து அடுத்ததை முடிவு செய்.

ஏனென்றால் விநோதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் பல. நம் நாட்டில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. இந்தியர்களிடையே அது எப்போதுமே கூடுதல். இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கினால் தள்ளாட்டம், உளறல், கோபம், வியர்வை எல்லாம் வரும். பார்க்கிறவருக்குக் குடிபோதைதான். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் இனிப்புப் பானம் காப்பாற்றும். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 999. வாய் கோணி, ஒரு கை தொங்கினால் பக்கவாதம். அதற்கும் 999தான், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். 2018-இல் நடந்த ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். இவர்களில் சிலர் வீட்டைவிட்டு வெளியேறி, எங்கோ இருந்த இன்னொரு வீட்டைத் தேடுவார்கள்.

அப்புறம் மனநோய். ஜொகூரில் இதற்கு ஒரு சொல் உண்டு: 'தம்போய்'. 1937-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஆன கதைதான். அந்த மருத்துவமனைக்கு இப்போது பெர்மாய் என்று பெயர். ஆனால் பள்ளிப் பருவத்தில் "உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்" என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்ததெல்லாம் நாக்கிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரித்துப் பழகிய பிறகு, தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரை நோயாளியாகப் பார்க்க மனம் சுலபத்தில் பழகாது.

1993-இல் சென்னையில் இரண்டு இளம்பெண்கள் பார்த்தார்கள். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார். கல்லூரிக்கு அருகே சாலையில், அரைகுறை ஆடையோடு, மனம் கலங்கிய நிலையில் ஒரு பெண் அலைந்துகொண்டிருந்தார். போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இவர்கள் இருவரும் அந்தப் பெண்ணைச் சேர்க்க ஓர் இடம் தேடினார்கள். ஏற்றுக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அதனால் அதே ஆண்டு, வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 'தி பேன்யன்' என்ற அமைப்பைத் தாங்களே தொடங்கிவிட்டார்கள். அது இன்றும் இயங்குகிறது. எல்லாரும் அப்படி ஓர் இல்லம் தொடங்க முடியாது, தேவையும் இல்லை. ஏனென்றால், அவர்களுக்கு அன்று கிடைக்காத ஒன்று நமக்கு இங்கே இருக்கிறது: அழைக்க ஓர் எண்.

சமூக நல உதவிக்கான தாலியான் காசே, 15999, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து, கையில் ஆயுதம், சாலை நடுவில் நிற்கிறார் என்றால் 999. அப்போது கிட்டே போகாமல், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பத்திரமாக இருந்துகொண்டு பேசுங்கள். "போலீசைக் கூப்பிட்டால் பாவம், உள்ளே வைத்துவிடுவார்கள்" என்று தயங்குகிறவர்கள் உண்டு. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்வது வேறு. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகக்கூடியவரை, போலீஸ் அதிகாரியோ சமூக நல அதிகாரியோ அழைத்துச் சென்றால், 24 மணி நேரத்துக்குள் மருத்துவ அதிகாரியிடம் காட்ட வேண்டும். 2023-இல் நிறைவேறிய திருத்தம், தீயணைப்புப் படை, பொதுத் தற்காப்புப் படை போன்றவற்றின் அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்புக் கொடுத்தது. தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று ஆனதும் அதே ஆண்டில்தான். அழைக்கும்போது குற்றவாளியைப் போலச் சொல்லாமல், "குழம்பிப்போய் இருக்கிறார், உதவி வேண்டும்" என்று சொன்னால் வருகிறவரும் அந்த மனநிலையில் வருவார்.

பெரியவர் தண்ணீர் குடித்தார். அக்கா அவருடைய பெயரைக் கேட்டார், சொன்னார். எங்கே போகணும் என்றதற்கு, "காலைல பெரட்டுக்குப் போகணும், தூங்க விடும்மா" என்றார். அப்போதுதான் நான் காரைவிட்டு இறங்கினேன். பெரட்டு என்ற சொல்லை என் தாத்தா இறந்த பிறகு நான் யார் வாயிலும் கேட்டதில்லை. எங்கள் தாமான் வருவதற்கு முன்னால் இங்கே தோட்டம் இருந்தது. லயத்து வீடுகள் இருந்தன. அவர் அந்தச் சீனக் குடும்பத்தின் வீட்டைத் திறக்கப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் இங்கே எங்கோ இருந்த தன் வீட்டைத் திறக்கப் பார்த்தார்.

நான் குழுவிலிருந்த படத்தை அழிக்கச் சொன்னேன். குடியிருப்பாளர் சங்கத் தலைவர், படம் எதுவும் போடாமல், பெயரையும் வயதையும் மட்டும் பக்கத்துத் தாமான்களின் குழுக்களுக்கு அனுப்பினார். பதினொன்றரைக்கு மகள் வந்துவிட்டார். சாலைக்கு அந்தப் பக்கத் தாமானில்தான் வீடு. இது மூன்றாவது முறையாம். "அக்கம்பக்கத்துல சொல்லலக்கா, ஒரு மாதிரியா பாப்பாங்கன்னு" என்றார் அக்காவிடம். என்னைப் பார்க்கவில்லை, எனக்கும் அது நல்லதாகத்தான் இருந்தது.

இப்போது அந்த மகள் எங்கள் குழுவில் இருக்கிறார். அதன்பிறகு இரண்டு முறை, "அப்பா வெளியே போய்விட்டார்" என்று செய்தி போட்டார். முதல் முறை பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் அக்காவின் மகன் கண்டுபிடித்தான். இரண்டாம் முறை பெரியவர் நேராக அதே கேட்டுக்கே போய்விட்டார். சீனக் குடும்பத்தின் அங்கிள், கேட்டைத் திறந்து, தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தே ஓ கொடுத்திருக்கிறார். சீனி இல்லாமல், மகள் குழுவில் சொல்லியிருந்தபடி.