சிகரெட் போய்ப் புகையிலை வந்தது

சிகரெட்டை விட்டுவிட வேண்டுமென்று ஒரு முறையாவது எண்ணாத சிகரெட் பிரியரைக் காண்பது அரிது. எண்ணுவது எளிது, விடுவதுதான் பிரம்மப் பிரயத்தனம். அவ்வாறு தவிப்பவர்களுக்கு நண்பர்கள் கூறும் உபாயங்களுள் ஒன்று, புகைப்பதை நிறுத்திவிட்டுப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வது. "புகைதானே நெஞ்சைக் கெடுக்கிறது? புகை இல்லையேல் தீங்கும் இல்லை" என்பது அவர்கள் வாதம். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் இவ்வாதத்தைப் பன்முறை கேட்டிருக்கிறேன். இதற்குச் சாட்சியாக இப்போது ஸ்வீடன் தேசத்தையே அழைத்து வருகிறார்கள்.

சாட்சி லேசானதன்று. ஸ்வீடன் மக்கள் 'ஸ்னூஸ்' என்னும் ஈரப் புகையிலைத் தூளை மேலுதட்டுக்கு உள்ளே ஒதுக்கிக்கொள்வது நெடுங்கால வழக்கம். 1822-ஆம் ஆண்டில் லியுங்லோப் என்ற வியாபாரி வெளியிட்ட ஸ்னூஸ் வகைக்கு 'எத்தன்' என்று பெயர். அவர்கள் பாஷையில் அதற்கு 'முதலாவது' என்று பொருளாம். நம் பாஷையில் என்ன பொருள் என்பதை நேயர்கள் அறிவார்கள்! 1992-ல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகைப் புகையிலையின் விற்பனையைத் தடுத்தது. 1995-ல் ஸ்வீடன் அதில் சேர்ந்தபோது தனக்கு மட்டும் விலக்குப் பெற்றுக்கொண்டது. இன்று அத்தேசத்தில் தினந்தோறும் சிகரெட் குடிப்போர் நூற்றுக்குப் பத்துப் பேரினும் குறைவு. நுரையீரல் புற்றுநோயால் ஆண்கள் மாள்வது ஐரோப்பாவில் மிகக் குறைந்துள்ள நாடுகளுள் அதுவும் ஒன்று.

இதில் மர்மம் ஏதுமில்லை. மனிதனைக் கட்டிப்போடுவது நிகோடின். கொல்வது பெரும்பாலும் எரிந்த புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவும். எரிக்காவிட்டால் இவை உண்டாவதில்லை. 2019-ல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து இலாகா, ஒரு ஸ்வீடன் கம்பெனியின் ஸ்னூஸ் சிகரெட்டைவிடக் குறைந்த அபாயமுடையது என்று விளம்பரம் செய்யவும் அனுமதித்தது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் நண்பர்களின் வாதத்தில் உள்ள ஓட்டை புலப்படுகிறது. ஸ்வீடன் ஸ்னூஸை நீராவியால் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றுவிடுகிறார்கள். கடையிலும் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். புகையிலை புளிக்கும்போதும், வெப்பத்தில் நெடுநாள் கிடக்கும்போதும் கிருமிகளின் வேலையால் நைட்ரோசமைன் என்னும் புற்றுநோய் விஷம் பெருகுகிறது. அதைத் தடுக்கவே இத்தனை ஏற்பாடு. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சித்திரை வெயிலில் தொங்கும் பொட்டலத்துக்கு இந்த உபசாரம் ஏது? போதாக்குறைக்குச் சுண்ணாம்பும் பாக்கும் சேர்கின்றன. பாக்கே புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு தீர்மானித்துவிட்டது. 2016-17-ல் எடுத்த கணக்கின்படி இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 21 பேர் புகையற்ற புகையிலையை உபயோகித்தனர். புகைத்தவர்களோ 11 பேர்தாம். உலகில் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நம் தேசத்தவர். ஸ்வீடன் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் பொட்டலத்தைப் பிரிப்பது, பசும்பாலின் குணத்தைக் கூறி எருக்கம்பாலைப் புகட்டுவது போலாகும்.

ஸ்னூஸும் அமிர்தமன்று. கர்ப்பிணிகள் அதை உபயோகித்தால் குறைப் பிரசவமும் சிசு மரணமும் நேரும் அபாயம் கூடுகிறது என்று ஸ்வீடன் வைத்தியர்களே கண்டிருக்கிறார்கள். தவிர, நிகோடின் அடிமைத்தனம் அணுவளவும் குறைவதில்லை. என் சக ஆசிரியர் ஒருவர் சிகரெட்டுக்குப் பதிலாகப் புகையிலையைக் கைக்கொண்டார். ஆறு மாதத்துக்குள், பகலில் பள்ளியில் புகையிலை, மாலையில் கடைவீதியில் சிகரெட் என்று இரண்டும் நிலைத்துவிட்டன. வாயைத் திறவாமல் எவ்வளவு நாள் பாடம் நடத்த முடியும்? பையன்கள் கண்டுபிடித்துப் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

அவருடைய நிலைமை எனக்கு வேறொரு வரலாற்றை நினைவூட்டியது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத ஸ்வீடன் மாலுமிகள் வாய்ப் புகையிலையால் காலம் தள்ளுவதை லுண்ட் நகரத்து விஞ்ஞானி லுண்ட்கிரென் கவனித்தார். 1967-ல் ஹெல்சிங்பொரி நகரத்து மருந்துக் கம்பெனியில் பணியாற்றிய ஓவ பெர்னோ என்பவருக்கு அதைப் பற்றி எழுதினார். பெர்னோ யோசித்தார்: புகையிலையே எதற்கு? நிகோடினை மட்டும் மெல்லும் பசையில் ஏற்றிக் கொடுத்தால் என்ன? பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1978-ல் ஸ்விட்ஸர்லாந்தில் அந்தப் பசை விற்பனைக்கு வந்தது. இன்று நம் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. மிட்டாய்போல் விடாமல் மெல்லலாகாது. காரம் தெரியும்வரை மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி, காரம் தணிந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் சிறுகச் சிறுகக் குறைத்து, முடிவில் பசையையும் விட்டுவிட வேண்டும். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் தொடுவது கூடாது.

ஒருவராகப் போராட இயலாதவர்கள் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். சிகரெட் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். என் சக ஆசிரியருக்கு அதைக் காட்டியபோது, இத்தனை நாள் தம் கண்ணில் படவே இல்லை என்றார்.